சயாமிலிருந்து திரும்பியவர்கள்: மனத்தில் பட்ட காயம் ஆறிய வரலாறு



"சயாமுக்குப் போய் வந்தவர்" என்றால் நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் மேற்கொண்டு விளக்கம் தேவைப்பட்டதில்லை. என் பெரியப்பா அப்படிப் போய் வந்தவர். 1960ஆம் ஆண்டுகளில், சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் அவரும் பெரியம்மாவும் குடியிருந்தார்கள். நல்ல உழைப்பாளி. பெரட்டுக்கு ஒரு நாளும் தாமதித்து வந்ததில்லை. அவர் வெட்டுகிற மரத்தில் பட்டைக் காயத்தைப் பார்க்க முடியாது என்று கங்காணியே சொல்வார். ஆனால் அவரிடம் சில விநோதமான பழக்கங்கள் இருந்தன. இரவில் விளக்கை அணைக்க விடமாட்டார். அடைமழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்தால் வீட்டில் ஒருவரோடும் பேசமாட்டார். வயிறாரச் சாப்பிட்ட பிறகும் ஒரு பிடிச் சோற்றை இலையில் மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். யாராவது பின்பக்கமாக வந்து தோளைத் தொட்டுவிட்டால், கையில் இருப்பது கத்தியா கரண்டியா என்று பாராமல் ஓங்கிவிடுவார். நடுச்சாமத்தில் அவர் போடும் கூச்சல் நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

பிள்ளைகளாகிய எங்களுக்கு அது விளையாட்டு. பூனைபோல் பின்னால் போய்த் தொட்டுவிட்டு ஓடுவோம். "சயாம் பேய்" என்று பட்டப்பெயரும் வைத்திருந்தோம். பெரியவர்கள் மூன்று விதமாகக் காரணம் சொன்னார்கள். காட்டில் செத்தவர்களின் ஆவி பிடித்துக்கொண்டது என்றார்கள் சிலர். மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் வேறு சிலர். கள்ளுக்கடைக்குப் போகிறவர்தானே என்று முடித்துவிட்டார்கள் மற்றவர்கள். இந்த மூன்றும் அல்லாத நான்காவது காரணம் ஒன்று உண்டு என்பதை நான் நாற்பது வயதுக்குப் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது பெரியப்பா உயிரோடு இல்லை. அந்த நான்காவது காரணத்தின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. ஏறக்குறைய எழுபதே நாட்களில் மலாயா முழுவதும் கைமாறியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் சரணடைந்தது. தோட்டத்துத் துரைமார்களில் ஓடினவர்கள் ஓடினார்கள், மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். ரப்பரை வாங்குவதற்கு ஆளில்லை. வேலை இல்லை, அரிசி இல்லை. ரப்பர் மரத்துக்குக் கீழே மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிழைத்த கதையை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்குக் கடைசியில் காகித மதிப்புக்கூட இல்லாமல் போனது.

இதே சமயத்தில் பர்மாவிலிருந்த தன் படைகளுக்குச் சாமான் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. கடல் வழியில் எதிரிகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே சயாமில் உள்ள பான் போங்கிலிருந்து பர்மாவில் உள்ள தான்பியூசாயாட் வரை, மலையையும் காட்டையும் குடைந்து, 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942இல் வேலை தொடங்கிற்று. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை, அதாவது ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலியோரை, அதில் இறக்கினார்கள். அவர்கள் போதவில்லை. 1943 தொடக்கத்தில் வேலையை இன்னும் வேகமாக முடிக்க உத்தரவு வந்தது. அப்போதுதான் மலாயாத் தோட்டங்களின் பக்கம் லாரிகள் வந்தன.

முதலில் ஆசை வார்த்தை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, அரிசி தாராளம் என்றார்கள். பசியில் கிடந்த ஜனங்கள் பலர் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது பலாத்காரம் வந்தது. இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, அப்படியே ரயிலில் ஏற்றியதும் உண்டு. சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டிகளில், உட்காரவும் இடமின்றி, நாலைந்து நாள் பயணம். பான் போங்கில் இறங்கியபின் காட்டுக்குள் பல நாள் நடை.

மலாயாவிலிருந்து இப்படிச் சென்றவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். மாண்டவர்களின் தொகை கணக்குக்குக் கணக்கு வேறுபடுகிறது. மிகக் குறைத்துச் சொல்லும் கணக்கிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் திரும்பவில்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. மலேரியா, சீதபேதி, காலை எலும்பு தெரியும்வரை அரிக்கும் புண். வெள்ளைக்காரக் கைதிகளிடையே மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்களாவது இருந்தார்கள். படை ஒழுங்கு இருந்தது. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. 1943 நடுவில் சாங்கி முகாமிலிருந்த கைதிகளில் இரண்டு மருத்துவக் குழுக்களை ஆசியத் தொழிலாளர்களைக் கவனிப்பதற்கென்று அனுப்பினார்கள். அவ்வளவு பேருக்கு அந்தச் சில நூறு பேர் எந்த மூலைக்கு? 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு பக்கத்துத் தண்டவாளங்களும் ஒன்றுசேர்ந்தன. அதற்குப் பிறகும் பாதையைப் பழுது பார்க்கவும் விறகு வெட்டவும் நம்மவர்கள் அங்கேயே வைக்கப்பட்டார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகே வீடு திரும்பும் வழி பிறந்தது.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த வரலாறு. திரும்பி வந்தவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்வார் குறைவு.

வந்தவர்களுக்கு உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. அதைத் தோட்டத்து டிரஸர் பார்த்தார். கொய்னா கொடுத்தார், புண்ணைக் கழுவிக் கட்டினார். மனத்துக்கு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பெரட்டில் பேர் கொடுத்து மரம் வெட்டப் போய்விட்டார்கள். சில வீடுகளில் தாயும் பிள்ளையும் பசியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சில வீடுகளில், இனி வரமாட்டார் என்று எண்ணி மனைவி வேறொருவரோடு வாழத் தொடங்கியிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கணவன் திரும்பாத பெண்களின் நிலை இன்னொரு வகை. செத்த சேதி வரவில்லை, பிணத்தைப் பார்க்கவில்லை, கருமாதி செய்ய நாள் தெரியாது. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? வருஷக்கணக்கில் பொட்டு வைத்துக்கொண்டு, சடக்கைப் பார்த்தபடியே இருந்த பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நிற்கும் இந்த நிலையைப் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970ஆம் ஆண்டுகளில் தனியாக ஆராய்ந்து, "தெளிவற்ற இழப்பு" என்று பொருள்படும் பெயர் கொடுத்தார். நம் பெண்கள் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதை அனுபவித்து முடித்துவிட்டார்கள்.

இனி, மருத்துவ உலகம் இந்தக் காயத்தைப் பற்றி என்ன அறிந்திருந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட சிப்பாய்கள் சிலருக்கு உடம்பில் கோளாறு இல்லாமலே நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது என்பதை டா காஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதிவைத்தார். அவர் அதை இருதயக் கோளாறு என்றே கொண்டார். முதல் உலகப் போரில் இது ஆயிரக்கணக்கில் வந்தது. நடுக்கம், பேச்சு நின்றுபோதல், கண் தெரியாமை, தூக்கமின்மை. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு "ஷெல் ஷாக்" என்ற பெயரை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பீரங்கிக் குண்டு வெடித்த அதிர்ச்சி மூளையைக் கலக்கிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். குண்டு விழாத இடத்திலிருந்தவர்களுக்கும் அதே நோய் வந்தபோதுதான் மூளையைவிட்டு மனத்தின் பக்கம் பார்வை திரும்பிற்று.

படைத் தலைவர்களுக்கோ இது கோழைத்தனமாகப்பட்டது. அந்தப் போரில் ஓடிப்போதல், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை தன் சொந்தச் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் மனம் கலங்கியிருந்தவர்கள் பலர் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டு, 2006இல் அத்தனை பேருக்கும் மன்னிப்பு அளித்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து!

அதே போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் என்ற மருத்துவமனையில் ரிவர்ஸ் என்ற மருத்துவர் வேறு வழியில் போனார். அக்கால வழக்கம் என்னவென்றால், "நடந்ததை மறந்துவிடு, நினைக்காதே, நல்லதையே எண்ணு" என்று நோயாளிக்குச் சொல்வது. ரிவர்ஸ் கவனித்தார்: பகலெல்லாம் நினைவை அமுக்கிவைக்கப் பாடுபடுகிறவர்கள்தாம் இரவில் பயங்கரக் கனவு கண்டு அலறுகிறார்கள். ஆகவே அவர் நோயாளியோடு உட்கார்ந்து, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவிட்டார். எந்நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கவும் சொல்லவில்லை. அடியோடு மறக்கவும் சொல்லவில்லை. 1917இல் இதை ஒரு சொற்பொழிவாகவும் நிகழ்த்தினார். அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் படை அதிகாரிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரணச் சிப்பாய்களுக்கு வேறு சில இடங்களில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பேசவைத்தார்கள். துரைக்கு ஒரு வைத்தியம், கூலிக்கு ஒரு வைத்தியம் என்பது அங்கேயும் இருந்தது போலும்.

போர் முடிந்ததும் இந்தப் படிப்பினையை உலகம் மறந்துவிட்டது. 1945இல் சயாமிலிருந்து விடுதலையான பிரிட்டிஷ் கைதிகளுக்குக் கப்பலேறும் முன்னே ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள்: பட்ட கொடுமைகளை வெளியில் சொல்லாதீர்கள், இறந்தவர்களின் குடும்பங்கள் வருந்தும் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரனுக்கே வாய்ப்பூட்டு என்றால் தோட்டத் தொழிலாளியிடம் யார் கேட்கப்போகிறார்கள்? பின்னர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் போராடியதன் பயனாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றது. மன அதிர்ச்சிக்குப் பின் வரும் உளைச்சல் நோய் என்று தமிழில் சொல்லலாம். போர் மட்டுமல்ல, விபத்து, வெள்ளம், பலாத்காரம், வீட்டுக்குள் விழுகிற அடி ஆகியவற்றாலும் இது வரும் என்பது இப்போது தெரிந்த உண்மை. கொடுமையைக் கண்டவர்கள் எல்லோருக்கும் வருவதில்லை என்பதும் உண்மை. பெரும்பாலோர் நாளடைவில் தேறிவிடுகிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? ஆபத்து வந்தால் உடம்பு எச்சரிக்கை மணி அடிக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், கைகால் முறுக்கேறும், ஓடவோ அடிக்கவோ தயாராகும். ஆபத்து நீங்கியதும் மணி நிற்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிய கொடுமையை, தப்பிக்க வழியில்லாமல், நீண்ட நாள் அனுபவித்தவனுக்கு அந்த மணி நிற்க மறுக்கிறது. மழைச் சத்தம், ஒரு வாடை, தோளில் விழும் கை என்று எது பட்டாலும் அது மறுபடி அடிக்கிறது. அந்த நிமிஷத்தில் அவன் பழைய இடத்தை "நினைப்பதில்லை". அந்த இடத்திலேயே இருக்கிறான். அதனால்தான் கையில் கிடைத்ததை ஓங்குகிறான். சிலருக்கு இதன் மறுபுறம் வரும்: எதிலும் ஒட்டாமல், பிள்ளை பிறந்தாலும் சிரிக்காமல், மரக்கட்டைபோல் இருப்பார்கள். அன்பில்லாதவர் என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். மரம் வெட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தி கட்டைவரை இறங்கிவிட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மரம் அதனால் செத்துவிடுவதில்லை. பாலும் தருகிறது. அந்த இடத்தில் மட்டும் கத்தியைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பிடிபட்ட படை அதிகாரி. 1943இல் காஞ்சனபுரி முகாமில் கைதிகள் திருட்டுத்தனமாகச் செய்து வைத்திருந்த வானொலிப் பெட்டி அகப்பட்டது. அவரை இரு கைகளும் முறியும்படி அடித்தார்கள். வாயிலும் மூக்கிலும் தண்ணீரைப் பாய்ச்சி விசாரித்தார்கள். அப்போது ஜப்பானியருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இளைஞனின் முகம் அவர் மனத்தில் பதிந்துபோயிற்று. பின்பு சிங்கப்பூரின் அவுட்ராம் ரோடு சிறையில் கிடந்து, போர் முடிந்து ஊர் திரும்பினார்.

வேலை பார்த்தார், கல்லூரியில் பாடமும் சொன்னார். வெளிப்பார்வைக்குக் குறைவில்லை. உள்ளே நாற்பதாண்டுகள் வெந்துகொண்டிருந்தார். முதல் திருமணம் முறிந்தது. யாராவது நாலு கேள்வி சேர்ந்தாற்போல் கேட்டால் விசாரணை அறை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வார். இரண்டாவது மனைவி பாட்டி என்பவர் இதை அப்படியே விடவில்லை. சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு வைத்தியம் செய்வதற்கென்று லண்டனில் 1985இல் தொடங்கப்பட்ட ஒரு நிலையத்துக்கு அவரைப் போகச் செய்தார். அங்கே, எழுபதை நெருங்கும் வயதில், அவசரப்படுத்தாமல் கேட்கிற ஒருவரிடம் முதல் முறையாக நடந்ததைச் சொன்னார். அந்த மொழிபெயர்ப்பாளர் நகாசே தகாஷி உயிரோடிருப்பதும், அவரும் குற்ற உணர்ச்சியால் தூக்கம் கெட்டு, காஞ்சனபுரிக்குத் திரும்பத் திரும்ப வந்து இறந்தோருக்காகப் பிரார்த்திப்பதும் தெரியவந்தது. 1993இல் இருவரும் குவாய் ஆற்றுப் பாலத்தருகே சந்தித்தார்கள். லோமாக்ஸ் கடைசியில் அவரை மன்னித்தார். அவர் எழுதிய நூல் 1995இல் வெளிவந்தது; 2012இல் காலமானார்.

எல்லோரும் எதிரியைத் தேடிப் போய் மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவரவர் இஷ்டம். ஐம்பதாண்டு கழித்தும் இந்தக் காயத்துக்கு வைத்தியம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அதே பாதையில், அதே ஆண்டில், அதே மழையில் கிடந்தவர் என் பெரியப்பா. அவருக்கு லண்டன் நிலையம் இல்லை. நூல் எழுத எழுத்தும் தெரியாது. இறந்துபோன வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்கள் பெயரில்லாமல் மண்ணுக்குள் போனார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றார்கள்.

அப்படியானால் வைத்தியமே இல்லாமல் பெரியப்பா போன்றவர்கள் எப்படி முப்பது நாற்பது வருஷம் உழைத்துக் குடும்பம் நடத்தினார்கள்? ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் எழுதிய நூலைப் படித்தபோது எனக்கு விடை கிடைத்தது. முதலில் பத்திரம் வேண்டும். பிறகுதான் நடந்ததை நினைத்து, சொல்லி, துக்கம் கழிக்க முடியும். பிறகு மனிதர்களோடு மறுபடி சேர வேண்டும் என்கிறார் அவர். ஏணிப்படிபோல் நேராக ஏறுகிற காரியமில்லை, முன்னும் பின்னுமாகப் போகும் என்றும் சொல்கிறார். படிக்கப் படிக்க எங்கள் லயத்தின் கடைசி வீடுதான் கண்முன் வந்தது.

அணையாத விளக்கும் தலைமாட்டுச் சோறும் பைத்தியக்காரத்தனம் அல்ல. "இங்கே வெளிச்சம் இருக்கிறது, நாளைக்குச் சாப்பாடு இருக்கிறது" என்று தன் உடம்புக்கு அவர் காட்டிய அத்தாட்சி அது. தினம் ஒரே நேரத்தில் எழுந்து, பெரட்டு, மரம், பால் வாளி, பிற்பகலில் மாட்டுக்குப் புல், சாயங்காலம் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் என்று மாறாத ஒழுங்கு. கலங்கிய மனத்துக்கு இப்படிப்பட்ட ஒழுங்கு ஊன்றுகோல் என்று இன்றைய மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

பெரியம்மா செய்ததை இன்னும் வியக்கிறேன். அவர் அலறும்போது அவள் கிட்டே போய்த் தொடமாட்டாள். ஒரு தடவை பட்ட அடி போதும். வாசற்படியில் நின்றுகொண்டு, பகலில் ஒருநாளும் வாயால் சொல்லாத கணவன் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுவாள். "இது நம்ம தோட்டம். இது நம்ம வீடு. நான்தான் நிக்கிறேன். மாடு கட்டியிருக்கு, பாருங்க" என்பாள். புருஷன் பேரைச் சொல்கிறாளே என்று லயத்தில் கேலி செய்தார்கள். பயங்கரக் கனவிலிருந்து விழிப்பவரை எப்படி நிதானத்துக்குக் கொண்டுவருவது என்று இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள்: தொடாதே, விலகி நில், பெயர் சொல்லு, இருக்கும் இடத்தைச் சொல்லு, கண்ணில் படும் பொருளைக் காட்டு. கிழவிக்கு எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது?

பக்கத்துத் தோட்டத்தில் சயாமுக்குப் போய் வந்தவர்கள் இருவர் இருந்தார்கள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாரியம்மன் கோயில் பின்புறத்து மரத்தடியில் உட்காருவார்கள். பெரும்பாலும் சும்மாதான் இருப்பார்கள். இடையிடையே ஒருவர் நாலு வார்த்தை பேசுவார், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். வெற்றிலை தீரும்வரை இருப்பார்கள். அன்றைய இரவில் மட்டும் அவர் கத்துவதில்லை என்று பெரியம்மா பிற்காலத்தில் சொன்னாள். ஆடி அமாவாசையன்று தன் தகப்பனாருக்குப் படைக்கிற இலைக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து சிறிய இலை போடுவார். யாருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரே கொட்டகையில் படுத்திருந்து திரும்பாதவர்களுக்கு என்று அவர் இறந்த பிறகே தெரிந்தது.

சாராயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்சு குடித்த இரவில் சீக்கிரம் தூங்கிவிடுவார். ஆனால் குடி தூக்கத்தைக் கொண்டுவந்தாலும் பின்னிரவில் அதைக் கலைத்துவிடும். கனவுகள் இன்னும் மோசமாக வரும். பெரியப்பாவுக்கும் அப்படியே நடந்தது. மற்ற இருவரில் ஒருவர் அதிலேயே மாண்டார். துக்கத்துக்கு மருந்து என்று குடித்தவர்களை நான் ஏசமாட்டேன்; மருந்து தவறானது என்று மட்டும் சொல்வேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். சயாமுக்குப் போனவர்கள் இன்று அநேகமாக இல்லை. ஆனால் லாரி விபத்தில் தப்பியவர், வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர், குடிகாரக் கணவனிடம் இருபது வருஷம் அடி வாங்கியவர் இருக்கிறார்கள். அவரை உட்காரவைத்து, "சொல், என்ன நடந்தது, முழுவதும் சொல்" என்று துருவாதீர்கள். கட்டாயப்படுத்திப் பேசவைப்பதால் நன்மையில்லை என்றும், சிலருக்கு அது தீங்கே செய்கிறது என்றும் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். அவர் தாமாகப் பேசும் நாளில் குறுக்கே புத்திமதி சொல்லாமல் கேட்டாலே பெரிய உதவி. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படுக்கை, கொஞ்சம் நடை, கைக்கு ஒரு வேலை, வாரத்தில் ஒரு நாளாவது தம்மைப் புரிந்த மனிதரோடு இருப்பு. காயம் பட்டவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடியவை இவை. நன்றாக இருந்து, அதே மாதம், அதே மழை வரும்போது மறுபடி தடுமாறினால் பயந்துவிட வேண்டாம். அது பெரும்பாலோருக்கு நேர்வதுதான்.

மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், வேலைக்குப் போக முடியாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்குத் தயக்கம். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. 1911இல் தொடங்கிய அந்தப் பைத்திய ஆஸ்பத்திரியின் பெயரையே நாம் வசவாக ஆக்கிவிட்டோம். அதன் பெயர் இப்போது ஹோஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. மனக்காயத்துக்கு வைத்தியம் பார்க்க அங்கே படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்குப் போகிற அதே அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலேயே கேட்கலாம். சிங்கப்பூர் நேயர்கள் பாலிகிளினிக்கில் கேட்கலாம். பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். "ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, கெட்ட கனவு வருகிறது" என்று பதிவு செய்யும் இடத்தில் சொன்னால் போதும். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கூட ஒருவர் போவது நல்லது. முதல் தடவை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு.